வேப்ப மரம் நுனியிலிருந்து கருகுகிறது: வறட்சியா, நோயா?

காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) நிற்கும் பெரிய வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வருகின்றன. மழை மறைவுப் பகுதி, மானாவாரி பூமி, அதனால் ஊரில் எல்லோரும் வறட்சி என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து மாநிலமே காய்ந்து கிடந்தபோதும் இதே மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நின்று, பங்குனியில் துளிர்த்தவைதான்.

இந்த முறை இலை கொட்டவே இல்லை. கொழுந்து முதலில் வாடி, அப்புறம் காப்பித்தூள் நிறத்தில் சுருண்டு கொம்பிலேயே தொங்குகிறது, தொட்டால் நொறுங்குகிறது. குச்சியை நகத்தால் கீறினால் நுனியில் ஒரு முழம் பழுப்பு, அதற்குக் கீழே பச்சை. ஆரம்பித்தது ஐப்பசித் தூறலுக்குப் பிறகு. வறட்சி என்றால் மழை பெய்த பிறகா தொடங்கும்? பக்கத்திலேயே நிற்கும் வெள்வேலுக்கும் கிளுவை வேலிக்கும் ஒன்றுமில்லை.

வட்டப்பாத்தி கட்டி டேங்கர் தண்ணீர் விட்டோம், தொழு உரம் போட்டோம். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி அடித்ததில் கைத்தெளிப்பான் எட்டியது கீழ்க்கிளை வரைதான், உச்சி அப்படியேதான் இருக்கிறது. கொழுந்தில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சி இருக்கிறதா என்று தேடினேன், கண்ணில் படவில்லை. படத்தைப் பார்த்த அதிகாரி ஒருவர் பனி என்று சொல்லி முடித்துவிட்டார்.

இப்போது மாசி. இந்த நுனிக்கருகலைப் பார்த்துச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்: பட்ட கிளைகளைப் பச்சை தெரியும் இடம் வரை இப்போதே வெட்டி எரித்துவிடலாமா, துளிர் வரட்டும் என்று பங்குனி வரை விடலாமா?