தெருவில் பறப்பவர்கள், கடைவீதியில் இடம் தேடிச் சுற்றுபவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மூலைவீடு:
வேகத்தடை கேட்டு மனு கொடுத்து அலைந்த கதை எல்லாருக்கும் இருக்கும், அதை விட்டுவிடுகிறேன். போட்டு முடித்த மறுநாள் மாலை நடந்தது இது. வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ‘டமார்’ என்று ஒரு சத்தம். ஒரு கார் மேட்டில் ஏறிக் குதித்து அப்படியே போய்விட்டது. அதன் வீல் கப் மட்டும் கழன்று, திறந்திருந்த கேட் வழியாக உருண்டு வந்து, ஒரு வட்டம் போட்டு, என் காலடியில் படுத்துக்கொண்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன், கார் திரும்பி வருகிறது. ரிவர்ஸிலும் அதே வேகம்! இறங்கி வந்தவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். ‘இங்கே மேடு இருக்குன்னு ஒரு போர்டு வைக்க மாட்டீங்களா? யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா?’ என்று என்னைக் கேட்டுவிட்டு வீல் கப்பை வாங்கிக்கொண்டு போனார். யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமே என்றுதான் ஐயா அதைப் போட்டதே! இந்தப் பதில் எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. அவரிடம் சொல்ல முடியவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஷட்டர்:
என்னுடையது வேகம் இல்லை, பார்க்கிங். கடைவீதியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளி காலையில் வந்ததும் தன் காரைக் கடை வாசலுக்கு நேரே நிறுத்துவார். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகுதான் அது நகரும். பக்கத்துக் கடைக்காரரும் அப்படியே. அந்த வரிசையில் நிற்பதில் பாதி கடைக்காரர்கள் வண்டிதான். ஆனால் ‘பார்க்கிங் இல்லாம வியாபாரமே போச்சு’ என்று கூட்டத்தில் முதலில் குரல் கொடுப்பவரும் எங்கள் முதலாளிதான்.

ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் காரில் மெதுவாகக் கடந்து போனார். கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார், இவரும் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கார், அதே கை. இவர் எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்த சுற்றில் அவர் உதட்டைப் பிதுக்கி ‘இடமே இல்லையே’ என்று சைகை காட்டினார். முதலாளியும் ‘நான் என்ன செய்ய?’ என்று இரண்டு கையையும் விரித்தார். தன் காரில் சாய்ந்துகொண்டுதான் விரித்தார். அப்புறம் அந்த வாடிக்கையாளர் வரவில்லை. நான் வேலையில் இருப்பவன், வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மட்டும் நடித்துக் காட்டினேன்.

மட்டப்பலகை:
மூலைவீடு சார், எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரேயும் ஒரு மேடு உண்டு. காலி லாரி அதில் ஏறினால் பின்பக்கச் சங்கிலி அடிக்கிற அடியில் குழந்தை எழுந்துவிடும். என் அனுபவம் அவ்வளவுதான், சொல்ல வந்தது வேறு.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் உங்கள் தெருவில் இருப்பது வேகத்தடையே இல்லை, தாரால் கட்டிய வரப்பு. அந்த மாதிரிக் குறுகலாகச் செங்குத்தாக நிற்கிற மேடு மெதுவாகப் போகிறவரைத்தான் அதிகம் உலுக்கும். வேகமாகத் தாண்டினால் டயரும் ஸ்பிரிங்கும் அடியை வாங்கிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. (வீல் கப்புக்குத் தெரியும்.) 1970களில் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்துப் பார்த்துத்தான் நீள மேட்டைக் கொண்டுவந்தார்கள். வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், உச்சியில் வெறும் 10 சென்டிமீட்டர் உயரம். அதில் வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும், ஓட்டுகிறவர் தானாகவே காலை எடுப்பார். அதுவும் ஒன்று போட்டால் போதாது. தாண்டியதும் விட்டதைப் பிடிக்க மிதிப்பார்கள், அதனால் இடைவெளி விட்டு வரிசையாக வேண்டும். வெள்ளைக் கோடும் முன்கூட்டியே ஒரு போர்டும் வேண்டும். அந்த வீல் கப் ஆசாமி கேட்டதில் அது ஒன்று மட்டும் நியாயம்.

இன்னொன்று. தெரு அகலமாக, நேராக, காலியாக இருந்தால் எத்தனை ‘மெதுவாகச் செல்லவும்’ வைத்தாலும் கால் அழுத்தத்தான் செய்யும். தெருமுனையில் நடைபாதையை வெளியே நீட்டி வாயைக் குறுக்கலாம். வண்டி நிறுத்துவதைக் கொஞ்சதூரம் இந்தப் பக்கம், கொஞ்சதூரம் அந்தப் பக்கம் என்று மாற்றிவிட்டால் நேர்ப்பாதை வளைபாதை ஆகிவிடும். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் 1960களின் கடைசியில் தெருவை இப்படித்தான் மாற்றினார்கள், 1976-இல் அதற்குச் சட்டத்திலும் இடம் கிடைத்தது. உங்கள் தெருவின் அகலம் சொன்னால் படம் போட்டே அனுப்புகிறேன்.

மூலைவீடு:
நான் வீல் கப் கதைதான் சார் சொன்னேன். சரி, அகலம் அளந்து சொல்கிறேன்.

சைரன்:
மேடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்கள் ஒரு நாள் என் வண்டியில் ஏறிப் பாருங்கள். நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியம்மா, கூட அவர் மகள். ஒவ்வொரு மேட்டிலும் பின்னாலிருந்து ஒரு முனகல். ‘இன்னும் எத்தனை அண்ணா?’ என்று மகள் கேட்டார். பழகின தெரு, அதனால் சொல்லிக்கொண்டே வந்தேன்: இன்னும் மூணு, இன்னும் ரெண்டு, இதோ கடைசி. கடைசியைத் தாண்டி ‘அவ்வளவுதான்மா, முடிஞ்சுது’ என்று சொல்லி வேகத்தைக் கூட்டுகிறேன், புதிதாக ஒன்று! தெருக்காரர்களே ராவோடு ராவாகக் கல்லும் சிமெண்டும் கொட்டிப் போட்டது. கண்ணாடியில் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் பொய் சொல்லிவிட்டதாகவே நினைத்திருப்பார்.

மட்டப்பலகை:
அதற்குத்தான் நடுவில் இடைவெளி விட்ட மெத்தை மாதிரித் தடைகள் இருக்கின்றன. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளின் அச்சு அகலம், சக்கரம் இரண்டு பக்கமும் இறங்கிப் போய்விடும். கார் அகலத்துக்கு முடியாது, ஒரு பக்கமாவது ஏறித்தான் ஆக வேண்டும்.

சைரன்:
டூவீலர்?

மட்டப்பலகை:
டூவீலர் இடைவெளியில் புகுந்து போய்விடும். அதற்கு இதில் மருந்து இல்லை.

கிக்கர்:
டூவீலர் என்றதும் எல்லாரும் எங்களைத்தான் பார்ப்பீர்கள், நானே வந்துவிட்டேன். டெலிவரி வேலை. ஒரு தெருவில் திரும்பினால் நடுவில் ஒரு தாத்தா நிற்கிறார். கத்தவில்லை, திட்டவில்லை. ‘எந்த வீடு தம்பி?’ என்றார். கடைசி வீடு என்றேன். ‘வா’ என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். தெரு நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் நடையில். நான் வண்டியை அணைக்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல், காலால் உந்திக்கொண்டு பின்னாலேயே போனேன். மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கடைசி வீடு வந்ததும் ‘இதுதான்’ என்று கையைக் காட்டிவிட்டு அதே நடையில் திரும்பிப் போனார். லேட்டானதற்கு என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் குறைந்தது. போனில் ஓடுகிற நேரம் அந்தத் தாத்தாவுக்குத் தெரியாதே. எங்களைத் துரத்துகிற கணக்கு எங்களுடையது இல்லை என்பதை மட்டும் யாராவது புரிந்துகொண்டால் சரி.

வகுப்பறை:
தம்பி கிக்கர், உங்கள் மேல் கோபமில்லை, ஆனால் கணக்கு என்று சொன்னதால் சொல்கிறேன். 200 மீட்டர் தெருவை 30 கி.மீ. வேகத்தில் கடக்க 24 நொடி. 50-இல் போனால் சுமார் 14 நொடி. பத்து நொடிதான் மிச்சம். அதே தெருவில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், பார்த்துப் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி போய்விடும். 30-இல் வந்தவர் சுமார் 13 மீட்டரில் நின்றேவிடுவார். 50-இல் வந்தவர் அந்த 13 மீட்டரிலும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார், முழு வேகத்தில் இருப்பார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் 1992-லேயே ஊர் முழுக்கப் பக்கத் தெருக்களில் 30 என்று வைத்தது சும்மா இல்லை. ஸ்பெயினில் 2021 முதல் நகரத்துக்குள், திசைக்கு ஒரு தடம் உள்ள சாலைகளில் 30-தான்.

என் அனுபவத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பள்ளித் தெருவில், வருகிற வண்டியின் வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டுகிற பலகை வைத்தார்கள். முதல் வாரம் எல்லாரும் அடங்கினார்கள். அப்புறம் பார்த்தால் ஒருவன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்தவன் போனைத் தூக்கிப் பிடித்து அந்த எண்ணைப் படம் எடுக்கிறான். எண் போதவில்லை போலிருக்கிறது, திரும்பிப் போய் இன்னொரு முறை வந்தார்கள். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எண் காட்டாமல் அணைந்துவிடுகிற மாதிரி அமைக்க முடியும், அதைச் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பின்கேட்:
கடைவீதியில் இடமில்லாதவர்கள் எல்லாம் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறார்கள். இடம் தேடிப் பதற்றத்தில் வருகிறவர்கள் மெதுவாகவும் வருவதில்லை, இரண்டு பிரச்சினையும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மகளுக்குப் பரீட்சை நாள். கேட்டை மறித்து ஒரு கார். டாஷ்போர்டில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கிறது, ஆனால் கவிழ்ந்து கிடக்கிறது. என் மாமியார் டார்ச் அடித்து, தாளின் பின்பக்கம் ஊறித் தெரிந்த எண்களைத் தலைகீழாகப் படித்துச் சொன்னார், நான் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘எனக்குக் காரே இல்லையேம்மா’ என்றார். மகள் ஆட்டோவில் போனாள். காரின் சொந்தக்காரர் பைகளோடு சாவகாசமாக வந்து சொன்னது: ‘அதான் நம்பர் வச்சிருந்தேனே.’

தெருக்காரர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுத்தால் என்ன? ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் கார் வாங்கவே முதலில் இடத்தைக் காட்ட வேண்டுமாம். சட்டம் வந்தது 1962-இல். இப்போது வீட்டிலிருந்து 2 கி.மீ.க்குள் நிறுத்த இடம் இருப்பதாகக் காவல்துறைச் சான்று வாங்க வேண்டும்.

நடராஜா சர்வீஸ்:
கேட்டை மறித்தது தப்புதான் அம்மா. ஆனால் அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் உங்கள் தெருவிலேயே பாதிக் கார் கிளம்ப வேண்டியிருக்கும், சம்மதமா? தெரு எல்லாருக்கும் பொது. நான் நடந்து போகிறவன். போன மாதம் நடைபாதையில், கவனியுங்கள், நடைபாதையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன். ஒரு கார் ஏறி நிறுத்த வருகிறது, நான் இடைஞ்சலாம். ஒதுங்கினேன். ‘தேங்க்ஸ் சார்’ என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் இன்னும் எரிகிறது.

ஷட்டர் தம்பி சொன்னதுதான் விஷயமே. தெருவோர இடம் இலவசமாக இருந்தால் காலையில் முதலில் வந்தவருக்கு அது நாள் முழுக்கச் சொந்தம். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்: சுமார் 85 சதவீதம் நிறைந்து, எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வையுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் 2011-இல் இதைச் சோதித்தார்கள். நிரம்பி வழிந்த தெருக்களில் கட்டணம் ஏறியது, காற்றாடிய தெருக்களில் இறங்கியது. அதே அமெரிக்காவில் பாசடீனா நகரத்தின் பழைய கடைவீதியில் 1993-இல் பார்க்கிங் கட்டண மீட்டர் வைத்து, வருமானத்தை அதே வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவழித்தார்கள். கடைவீதியில் ஓடுகிற வண்டிகளில் 30 சதவீதம் சும்மா இடம் தேடிச் சுற்றுபவை.

மட்டப்பலகை:
அந்த 30-ஐ எல்லா ஊருக்கும் பொருத்தாதீர்கள். நெரிசலான இடங்களாகப் பார்த்து எடுத்த பழைய கணக்குகளின் சராசரி அது, ஷூப்பே அதைச் சொல்லியிருக்கிறார்.

ஷட்டர்:
கட்டணம் வைத்தால் வாடிக்கையாளர்கள் காரைத் திருப்பிக்கொண்டு வேறு எங்காவது போய்விடுவார்கள் என்கிறார் முதலாளி.

நடராஜா சர்வீஸ்:
வருகிறவர்கள் எல்லாம் காரில் வருகிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னது? இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தின் ஒரு கடைவீதியில் கேட்டபோது, வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் 22. உங்கள் முதலாளியை ஒரு நாள் காரை வீட்டில் விட்டுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள்.

ஷட்டர்:
நீங்களே வந்து சொல்லுங்கள், நான் மாட்டேன்.

இண்டிகேட்டர்:
நீங்கள் எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள், என்னுடையது சின்னது. கடைவீதியில் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒருவர் சாவியோடு தன் காரை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டேன். இண்டிகேட்டர் போட்டுப் பின்னால் நின்றேன். அவர் ஏறினார். என்னைக் கண்ணாடியில் பார்த்தார். பெல்ட் போடவில்லை. பில்லை எடுத்துப் படித்தார். தலை வாரினார். என் பின்னால் ஏழெட்டு வண்டி ஹாரன் அடிக்கிறது. அவர் வேண்டுமென்றே செய்ததாக இன்றைக்கும் நினைக்கிறேன்.

வகுப்பறை:
வேண்டுமென்று இல்லாமலும் இருக்கலாம், ஆனால் காத்திருந்தால் நேரம் கூடும் என்பது உண்மை. 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்க வணிக வளாகம் ஒன்றின் பார்க்கிங்கில் நேரம் பார்த்தார்கள். யாரும் காத்திருக்காதபோது காரை எடுக்கச் சராசரியாக 32 நொடி. பின்னால் ஒருவர் நின்றால் 39. அவர் ஹாரனும் அடித்தால் 43. நீங்கள் ஹாரன் அடித்தீர்களா?

இண்டிகேட்டர்:
அடித்தேன். சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.