படத்தை மட்டும் வைத்துப் புது இனத்துக்குப் பெயர் வைக்கலாமா?

மூன்றாம்கண் (டர்பன்)

2015-ல் நம் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்கு மார்லேயிமியா சைலோகோபே என்று பெயர் வைத்தார்கள். பார்வைக்கு அச்சு அசல் தச்சுத்தேனீ. ஆனால் ஈ. அதை அறிவித்த மார்ஷல், ஈவன்ஹைஸ் இருவரும் ஊசியில் குத்திய உடல் எதையும் காட்டவில்லை, துல்லியமான நிழற்படங்களையே ஆதாரமாகத் தந்தார்கள். அடுத்த ஆண்டே ஏறக்குறைய 500 வகைப்பாட்டியலாளர்கள் கையெழுத்திட்டு, இந்த வழி போதாது, தேவையில்லை, கெடுதலும் ஆகலாம் என்று எழுதினார்கள்.

அந்த இருவர் செய்ததுதான் சரி என்கிறேன். விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் 73.1.4 பிரிவு தெளிவாக இருக்கிறது. படத்தை ஹோலோடைப்பாக, அதாவது பெயருக்கு அடிப்படையான ஒரே மூல மாதிரியாகக் காட்டினால், படத்தில் இருக்கும் அந்த உயிர்தான் ஹோலோடைப். உடல் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது. குவாசுலு-நட்டாலின் புல்வெளிகள் கரும்புக்கும் யூகலிப்டஸுக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. பெயரில்லாத உயிரை எந்தச் சட்டத்தாலும் காப்பாற்ற முடியாது. நல்ல படம் கையில் இருக்கும்போது உடலுக்காகக் காத்திருப்பது யாருக்கு லாபம்?

ஊசிமுனை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

விதி இடம் கொடுக்கிறது என்பது வேறு, அது போதுமான ஆதாரம் என்பது வேறு. கேமரா எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கம்தான் படத்தில் இருக்கும். இந்த ஈக் குடும்பத்தில் நெருங்கிய இனங்கள் பலவற்றை ஆண் பிறப்புறுப்பை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். எந்த லென்ஸும் அதைக் காட்டாது. நாளைக்கு யாராவது, இது ஒரே இனம் இல்லை, இரண்டு என்று சொன்னால், பெயர் எந்த இனத்துக்குப் போகும் என்று தீர்க்க எதைத் திறந்து பார்ப்பது?

நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 1938 டிசம்பர் 22 அன்று ஈஸ்ட் லண்டனில் வந்திறங்கிய சீலகாந்த் மீன். கெட்டுப்போகாமல் இருக்கப் பாடம் செய்ததில் செவுளும் உள்ளுறுப்புகளும் போய்விட்டன. ஜே. எல். பி. ஸ்மித் 1939-ல் தோலையும் எலும்பையும் வைத்துத்தான் லாட்டிமேரியா கலும்னே என்று பெயரிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, 1952-ல் கொமோரோஸில் அடுத்த மீன் கிடைக்கும்வரை 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. உடலில் ஒரு பகுதி இல்லாததற்கே இந்தப் பாடு.

மூன்றாம்கண்

ஐயா, நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. உள்ளுறுப்பு இல்லையே என்று ஸ்மித் பெயர் வைக்காமல் இருந்தாரா? முதலில் வைத்தார். அதனால்தான் அடுத்த மீனை உலகமே தேடியது.

தான்சானியாவின் கிபுஞ்சி குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் நிழற்படத்தை ஹோலோடைப்பாக வைத்து அறிவித்தார்கள். அவ்வளவு அரிதான குரங்கைச் சுட்டு அருங்காட்சியகத்தில் வை என்று யாரால் சொல்ல முடியும்?

ஊசிமுனை

கிபுஞ்சி கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள், தம்பி. ஒரு விவசாயி வைத்த பொறியில் செத்துக் கிடந்த ஒன்று கிடைத்தது. அதன் திசுவையும் மண்டையோட்டையும் ஆராய்ந்து, அது லோபோசிபஸ் பேரினத்தில் சேராது, பபூனுக்குத்தான் நெருக்கம் என்று கண்டு, 2006-ல் ருங்வெசிபஸ் என்ற புதுப் பேரினமே போட்டார்கள். படம் வைத்த இடத்திலிருந்து உடல் அதை வேறு இடத்துக்கு மாற்றியது.

இன்னொன்றும் சொல்கிறேன். சோமாலியாவில் ஒரே ஒரு பறவையைப் பிடித்து, இறகும் ரத்தமும் எடுத்துக்கொண்டு, உயிரோடு விட்டுவிட்டு 1991-ல் லேனியேரியஸ் லிபரேட்டஸ் என்று பெயரிட்டார்கள். 2008-ல் மரபணு ஆய்வு சொன்னது: புது இனமே இல்லை, ஏற்கனவே தெரிந்த ஓர் இனத்தின் நிற வேறுபாடு. அந்தத் தவறு வெளியே வந்ததே டிஎன்ஏ கையில் இருந்ததால். வெறும் படம் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பறவை இன்றுவரை அழிவின் விளிம்பில் உள்ள தனி இனமாகப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும், பாதுகாப்புப் பணமும் அதன் பேரில் போய்க்கொண்டிருக்கும்.

காளான்காரர் (ஹோவிக்)

ஈக்காரர்கள் இருவரும் சண்டை போடுங்கள். காளானில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. காளானுக்கும் செடிக்கும் விதித்தொகுப்பு வேறு. 2007 முதல், பாதுகாத்து வைக்கவே முடியாத நுண்ணிய பாசி, பூஞ்சைகளுக்கு மட்டும்தான் படத்தை ஹோலோடைப்பாக ஏற்கிறார்கள். கையால் பறிக்கிற குடைக்காளானுக்கு அந்தச் சலுகை கிடையாது.

விதி இருக்கட்டும். குவாசுலு-நட்டால் மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த சைலோசைபி இங்கேலியும், ஃப்ரீ ஸ்டேட், லெசோத்தோ பக்கத்து சைலோசைபி மலூட்டியும் சமீபத்தில் அறிவிக்கப்பட்டவை. ஆர்வலர்கள் கண்டெடுத்து மாதிரி அனுப்பியதால் வந்த பெயர்கள். படம் மட்டும் போட்டிருந்தால் “பழுப்பு நிறச் சின்னக் காளான்” என்பதோடு நின்றிருக்கும்.

மாதிரி எடுக்கிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, மேலே பிடித்து இழுக்கிறார்கள். அடிக்காம்பு மண்ணுக்குள் நின்றுவிடும். அமானிட்டா வகைக்கு அடியில் இருக்கும் பைதான் முக்கிய அடையாளம். கத்தியை ஆழமாக விட்டு நெம்பி எடுங்கள். இரண்டாவது, பிளாஸ்டிக் பையில் போடுகிறார்கள். வியர்த்து ஒரே நாளில் கூழாகும், காகிதப் பைதான் சரி. மூன்றாவது, சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பருகே வைக்கிறார்கள். காற்றோட்டத்தோடு 40 முதல் 45 டிகிரி போதும், அப்பளம் மாதிரி ஒடிகிறவரை. அதற்கு மேல் சூடு போனால் காளான் வெந்துவிடும், டிஎன்ஏவும் சிதையும்.

காய்வதற்கு முன்னால் எழுத வேண்டியவை காய்ந்த பிறகு கிடைக்காது. வாசனை, கீறினால் நிறம் மாறுகிறதா, தொப்பியின் பிசுபிசுப்பு, பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் ஒரு சொட்டு விட்டால் என்ன நிறம். தொப்பியைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி, ஓர் இரவு வைத்தால் வித்துப்பதிவு கிடைக்கும். வெள்ளை வித்து வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. அரிசி மணி அளவு திசுவைத் தனியாக டிஎன்ஏவுக்கு எடுத்து வையுங்கள். பிறகு எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கில் குறைந்தது 30 வித்துகளை அளக்க வேண்டும். ஐந்தாறு அளந்துவிட்டு “பெரிய வித்து, எனவே புது இனம்” என்கிறவர்கள் முற்றாத வித்தையும் முற்றிய வித்தையும் கலந்து அளந்தவர்களாக இருப்பார்கள்.

கடைசியாக, 2013 ஜனவரி 1 முதல் பூஞ்சைப் பெயருக்கு மைக்கோபேங்க் போன்ற பதிவேட்டில் எண் வாங்கி, அதைக் கட்டுரையிலேயே அச்சிட வேண்டும். எண் இல்லையா, பெயர் செல்லாது.

மூலிகைத்தாள் (டர்பன், பெரியா)

காளான்காரர் அண்ணன் சொன்ன 2007 விதி செடிக்கும் அப்படியே. அதோடு 1990 முதல் “டைபஸ்” அல்லது “ஹோலோடைபஸ்” அல்லது அதற்கு ஈடான சொல்லும், மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகத்தில்) இருக்கிறது என்பதும் அச்சில் வந்தாக வேண்டும். 2012 முதல் விளக்கம் லத்தீனில்தான் என்ற கட்டாயம் போய்விட்டது, ஆங்கிலம் போதும்.

செடியில் கொல்லவே வேண்டாம் என்பதை மூன்றாம்கண் கவனிக்க வேண்டும். பூவும் காயும் உள்ள ஒரு கிளை போதும், செடி நின்ற இடத்தில் நிற்கும். ஒன்கோயே காட்டில் மெட்லி வுட் 1895-ல் கண்ட என்செபலார்ட்டாஸ் வூடி ஒரே ஓர் ஆண் மரம். அதற்கும் பெயர் வந்தது, அதன் தண்டுகள் டர்பன் தாவரவியல் பூங்காவில் இன்றும் நிற்கின்றன.

சதைப்பற்றுச் செடியை அப்படியே அழுத்துபலகையில் வைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். உள்ளே ஈரம் இருப்பதால் பலகைக்குள்ளேயே உயிரோடு கிடந்து இலையை உதிர்த்துவிடும். முதலில் கொதிநீரிலோ சாராயத்திலோ முக்கிக் கொன்று, நீளவாக்கில் பிளந்து வைக்க வேண்டும். முதல் சில நாள் தினமும் தாள் மாற்றவில்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பூவை 70 சதச் சாராயத்தில் போட்டு வையுங்கள், அழுத்திய பூவின் உள்ளமைப்பைப் பிறகு பார்ப்பது பெரும்பாடு.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோனோஃபைட்டம் போன்ற சதைப்பற்றுச் செடிகளைத் திருட்டுக் கும்பல்கள் மூட்டை மூட்டையாக அள்ளுகிற நாடு இது. பெயர் செல்லுபடியாக ஜிபிஎஸ் எண்ணை அச்சிட வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. கட்டுரையில் கால்பாகைக் கட்டத்தை, அதாவது வரைபடத்தில் கால் பாகை அகலமும் உயரமும் உள்ள சதுரத்தின் குறியீட்டை மட்டும் கொடுங்கள். டர்பனுக்கு 2931சிசி என்கிறோமே, அந்தமாதிரி. துல்லிய இடம் ஹெர்பேரியத்துக்குள் பூட்டிய பதிவில் இருக்கட்டும்.

சாட்ஸ்வொர்த் மாணவி

ஊசிமுனை ஐயா, ஈ மாதிரியை முதன்முதலாகத் தயாரிப்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்? அனுமதி வாங்கிப் பிடித்தும் பயனில்லாமல் போவது எதனால்?

ஊசிமுனை

நல்ல கேள்வி, அம்மா. மாகாணத்துக்கு அதன் வனவுயிர்ப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வெலோவின் அனுமதி, தனியார் நிலமானால் உரிமையாளரின் எழுத்து. இரண்டும் இல்லாமல் பிடித்த மாதிரியை எந்த அருங்காட்சியகமும் வாங்காது.

முடியடர்ந்த இந்த ஈக்களை ஒரு குப்பிக்கு ஒன்றாகப் போடு. பலவற்றை ஒன்றாக அடைத்தால் ஒன்றோடொன்று உரசி முடி எல்லாம் கொட்டி, வழுக்கை ஈதான் மிஞ்சும். சாராயத்தில் போடாதே, முடி ஒட்டிக்கொண்டு நிறம் தெரியாது. எத்தில் அசிடேட்டில் கொன்றால் டிஎன்ஏ கெடும். எனவே உறைபெட்டியில் வைத்துக் கொல்வதே நல்லது. வலது பக்கத்துக் கால் ஒன்றைக் கழற்றித் தூய எத்தனாலில் போட்டு, மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிடு.

உடல் விறைக்கும் முன் ஊசி குத்தவேண்டும். மார்பின் நடுவில் குத்தாதே, சற்று வலப்பக்கமாகக் குத்து. நடுவில் குத்தினால் அங்குள்ள முள்மயிர்கள் அழியும். வலப்பக்கம் சிதைந்தாலும் இடப்பக்கம் அப்படியே இருக்கும்.

பிறப்புறுப்பைப் பார்க்க, வயிற்று நுனியை வெட்டி 10 சதப் பொட்டாஷ் கரைசலில் அறை வெப்பத்தில் ஓர் இரவு ஊறவைத்தால் சதை கரையும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் சவ்வுகள் கிழிந்து, உறுப்பு கண்ணாடியாகி, விளிம்பே தெரியாது. பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் அலசி, கிளிசரின் நிரப்பிய சின்னக் குழாயில் போட்டு, அந்தக் குழாயை அதே ஊசியில் குத்து. தனியாக வைத்தால் எந்த ஈயுடையது என்று ஒருநாள் தெரியாமல் போகும்.

லேபிளில் நாடு, மாகாணம், இடம், தசமப் பாகையில் அகல நெடுக்கை, கடல்மட்ட உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த முறை. தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுது. 3.4 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று அடுத்தவர் திண்டாடுவார்.

மூன்றாம்கண்

இதெல்லாம் சரி, மறுக்கவில்லை. உடல் கிடைக்கும்போது எடுங்கள். கிடைக்காதபோது என்ன என்பதுதான் என் கேள்வி. விலங்குப் பெயரிடல் ஆணையம் 2017-ல் வெளியிட்ட 45-ஆம் அறிவிப்பு படவழி விளக்கத்தைத் தடைசெய்யவில்லை. உடலை ஏன் பாதுகாக்க முடியவில்லை என்று விளக்கமாகக் காரணம் சொல் என்றுதான் பரிந்துரைத்தது.

படத்துக்கும் தரம் வைப்போம். மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக, இறக்கை நரம்பு எண்ணும்படி விரித்து. ஒவ்வொன்றிலும் அளவுகோல். நிறம் திருத்தாத மூலக் கோப்பைப் பொதுச் சேமிப்பகத்தில் இடவேண்டும். இணையத்தில் மட்டும் வரும் கட்டுரையானால் வெளியாகும் முன்பே விலங்குப் பெயர்ப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பெயரே நிற்காது. இந்த நிபந்தனைகளோடு ஏற்பீர்களா?

ஊசிமுனை

குரங்குக்கும், கையிலிருந்து பறந்துபோன பறவைக்கும் ஏற்பேன், இறகோ ரத்தமோ ஒரு துளியாவது எடுத்திருந்தால். ஈக்கு ஏற்கமாட்டேன். ஈயைப் பிடிப்பதால் அதன் கூட்டம் அழியாது, வாழிடத்தை உழுவதால்தான் அழியும். நான்கு பக்கம் படம் எடுக்கிற அளவுக்கு அசையாமல் உட்கார்ந்த ஈயை வலையால் பிடிக்க முடியவில்லை என்ற காரணத்தை எப்படி ஏற்பது?

மூன்றாம்கண்

அனுமதி இல்லாத காப்பகத்தில் நடப்பவர் கேமரா வைத்திருக்கலாம், வலை வைத்திருக்க முடியாது ஐயா. இன்று வரும் புதுப் பதிவுகளில் பெரும்பங்கு அப்படிப்பட்டவர்களுடையது.

ஊசிமுனை

அப்படியானால் அவர் படத்தை, இடத்தையும் மாதத்தையும் எந்தப் பூவில் உட்கார்ந்திருந்தது என்பதையும் சேர்த்து, அனுமதி உள்ள ஒருவருக்கு அனுப்பட்டும். இவ்வகை ஈக்களில் பல, ஆண்டில் சில வாரம்தான் பறக்கும். அடுத்த ஆண்டு அதே வாரம், அதே பூவுக்குப் போனால் பிடிக்க வாய்ப்பு உண்டு. கண்டவர் பெயரைக் கட்டுரையில் ஆசிரியராகவே போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. பெயரை மட்டும் ஓர் ஆண்டு நிறுத்தி வையுங்கள்.