உம்பெர்த்தோ டி: கவிழ்ந்த அந்த உள்ளங்கை

வெயில்மரம்:
இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'உம்பெர்த்தோ டி' படம், ஓய்வூதியம் போதாமல் தவிக்கும் கிழவரின் கதை, எல்லோருக்கும் தெரியும். ரோமின் பழைய கோயிலான பாந்தியன் தூண்களின் அருகே கிழவர் உம்பெர்த்தோ பிச்சைக்குக் கையை நீட்டிப் பார்க்கிறாரே, அந்த இடம். ஒருவர் காசு போட வருகிற நொடியில் உள்ளங்கையைக் கவிழ்த்துவிடுகிறார், தூறல் விழுகிறதா என்று பார்ப்பவரைப் போல. பிறகு தொப்பியைத் தன் நாய் ஃப்ளைக்கின் வாயில் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்கிறார். அங்கும் தெரிந்தவர் ஒருவர் வந்து நிற்கிறார்!

ஓய்வூதியம் நின்றுபோன சமயத்தில் அப்பா கடன் கேட்க மாமா வீட்டுக்குப் போனார். நானும் உடன் இருந்தேன். "சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தில் அந்தக் கை கவிழ்ந்ததும் என்னால் மேற்கொண்டு பார்க்க முடியவில்லை.

ஆற்றுமணல்:
எல்லோரும் கையையே பேசுகிறீர்கள். கிழவர் குடியிருக்கும் வீட்டின் வேலைக்காரப் பெண் மரியாவை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? விடிகாலையில் அடுப்பைப் பற்றவைக்கிறாள், சுவரில் ஊரும் எறும்புகள்மீது தண்ணீர் ஊற்றுகிறாள், வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். காபிக்கொட்டை அரைத்தபடியே காலை நீட்டிக் கட்டைவிரலால் கதவைச் சாத்தப் பார்க்கிறாள். வசனமே கிடையாது. கர்ப்பமாக இருந்தபோது நானும் அப்படித்தான் தனியாகச் சமையலறையில் நின்றிருக்கிறேன். இதை ஓய்வூதியப் படம் என்று சுருக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

பழைய டிக்கெட்:
இரண்டும் ஒரே கைவேலைதான், இதில் சண்டை எதற்கு? நான் இரவு பஸ்ஸில் கைபேசியில் பார்த்தேன், நாய் ரயிலுக்குப் பயந்து திமிறியபோது அழுதேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதைத் தனியாகப் பார்க்காதீர்கள். முதலில் 'ஷூஷைன்' (1946), அடுத்து 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948), அதன் பிறகு இது (1952). மூன்றும் டி சிகா இயக்கியவை, மூன்றிலும் எழுத்தில் திரைக்கதையாளர் சவாத்தினியின் பங்கு உண்டு. நாடகத்தனம் படத்துக்குப் படம் எப்படிக் கழன்று விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். உம்பெர்த்தோவாக வரும் கார்லோ பத்தீஸ்தி நடிகரே அல்ல, மொழியியல் பேராசிரியர். டி சிகாவோ பெயர்பெற்ற நடிகர். ஒவ்வோர் அசைவையும் தானே நடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுப்பவர். அதனால்தான் அந்தக் கை அவ்வளவு துல்லியமாகக் கவிழ்கிறது. படத்தைத் தன் தந்தைக்குக் காணிக்கையாக்கினார். அன்று இத்தாலிய அரசில் திரைத்துறைப் பொறுப்பில் இருந்த அரசியல்வாதி ஆந்த்ரெயோத்தியோ, இத்தாலியின் மானத்தை வாங்குகிறது என்ற தோரணையில் இதைக் கண்டித்து எழுதினார்.

வெயில்மரம், பாதியில் நிறுத்தியிருந்தால் மறுபடி உட்காருங்கள். அப்பாவையும் அழைத்துக்கொள்ளுங்கள்.