உதவி தேவை: பொருளாதார இலாப முறையில் சிப் நிறுவனத்தின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது

திருப்பூர் பேரேடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சிப் தயாரிக்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று பார்ப்பதற்காக, அதைப் பொருளாதார இலாப முறையில் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வரிக்குப் பிந்தைய செயற்பாட்டு இலாபத்திலிருந்து மூலதனத்துக்குரிய கட்டணத்தை (மூலதனத்தை அதன் செலவு விகிதத்தால் பெருக்கியது) கழித்து, எஞ்சுவதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, தொடக்க மூலதனத்தோடு கூட்டினால் நிறுவனத்தின் மதிப்பு வர வேண்டும். எனக்கு வருவதோ கழித்தல் 4,600 கோடி டாலர். எக்செல் சூத்திரங்களை மறுபடியும் சரிபார்த்துவிட்டேன், அவற்றில் குறை எதுவும் இல்லை. இந்த முறையே குறைக்கடத்தி (சிப்) துறைக்குப் பொருந்தாதா? பணம் அனுப்புவது பற்றி நாளைக்குள் முடிவு செய்ய வேண்டும், விரைவாகப் பதில் தந்தால் நன்றியுடையவனாவேன்.

நொய்யல்கரை

எந்த நிறுவனம், எந்த நிதியாண்டு, எத்தனை விழுக்காட்டு மூலதனச் செலவு என்று எதையுமே நீங்கள் எழுதவில்லையே. நினைவகச் சிப் செய்பவரா, பிறருக்காக உற்பத்தி செய்து தருபவரா, ஆலையே இல்லாமல் வடிவமைப்பு மட்டும் செய்பவரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

சூலூர்க் கணக்கர்

கையிருப்புப் பணத்தை மூலதனத்திலிருந்து நீக்கினீர்களா என்பதையும் சொல்லுங்கள். செயற்பாட்டு இலாபத்தில் வட்டி வருமானம் சேராது. அப்படியிருக்க, பணத்தை மட்டும் மூலதனத்தில் விட்டுவைத்தால், வருமானம் காட்டாத தொகைக்கும் கட்டணம் விதித்ததாகிவிடும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

கோபி ஆய்வகம்

என் கருத்தில் ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கணக்கியல் விதிப்படி அது அந்தந்த ஆண்டின் செலவாக எழுதப்படுகிறது. ஆனால் இன்று செய்யும் ஆராய்ச்சி, அடுத்த தலைமுறைச் சிப்புக்கான முதலீடுதான். அதை மூலதனமாக மாற்றி ஐந்தாண்டுகளில் தேய்மானம் எழுதினால், நட்டம் போலத் தோன்றும் ஆண்டுகள் பலவும் நிமிர்ந்துவிடும்.

அவிநாசிச் சாலை

தம்பி, இந்தத் துறையின் ஏற்ற இறக்கங்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். 1890இல் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் எழுதிவைத்த கருத்துக்குப் பின்னாளில் ஆலோசகர்கள் புதுப் பெயர் சூட்டி விற்றதுதான் இந்த முறை. அடிப்படை தெரியாதவர்கள் எக்செல்லைத் திறந்தால் இப்படித்தான் விடை வரும். சிப் நிறுவனத்துக்குப் புத்தக மதிப்பு, அதாவது ஏட்டிலுள்ள பங்குதாரர் நிதி, ஒன்றே போதும். புத்தக மதிப்பை ஒட்டி விலை இறங்கினால் வாங்குங்கள், அதற்கு மேல் எத்தனை மடங்கு என்று பார்த்து விற்றுவிடுங்கள்.

திருப்பூர் பேரேடு

நிறுவனம் நினைவகச் சிப் செய்யும் மைக்ரான், நிதியாண்டு 2023. எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதால் ஆகக் கடுமையான ஆண்டையே எடுத்துக்கொண்டேன். செயற்பாட்டு நட்டம் 575 கோடி டாலர், பங்குதாரர் நிதியும் கடனும் சேர்ந்த மூலதனம் 5,740 கோடி. மூலதனச் செலவு விகிதம் 12.5 விழுக்காடு, நம் ஊர்ப் பங்குகளுக்கு நான் வழக்கமாக வைத்துக்கொள்வது. அந்த ஆண்டின் பொருளாதார இலாபம் என்றென்றும் அப்படியே தொடரும் என்று கணக்கிட்டேன். பணத்தை நீக்கவில்லை.

சூலூர்க் கணக்கர்

நான் சொன்னது சரியாகப் போயிற்று. பணமும் எளிதில் விற்கத்தக்க முதலீடுகளும் ஏறக்குறைய 1,050 கோடி டாலர் இருந்தன. நீக்கினால் மூலதனம் 4,690 கோடி ஆகும்.

நொய்யல்கரை

சூலூர்க் கணக்கர் சொல்லும் திருத்தம் தேவையானதே, ஆனால் இவருடைய விடையை அது ஒரு டாலர்கூட மாற்றாது. ஒரே அளவு பொருளாதார இலாபம் முடிவின்றித் தொடரும் என்று வைத்தால், மூலதனத்தின் மீது விதித்த கட்டணத்தை அதே விகிதத்தால் வகுக்கும்போது மூலதனமே திரும்பி வருகிறது. தொடக்கத்தில் அதைக் கூட்டியிருக்கிறோம், எனவே இரண்டும் அடிபட்டுப்போகின்றன. மிஞ்சுவது செயற்பாட்டு இலாபத்தை விகிதத்தால் வகுத்த ஈவு மட்டுமே: கழித்தல் 575ஐ 0.125ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாகக் கழித்தல் 4,600 வரும். ஆக, அந்தப் பெரிய அட்டவணை முழுவதும் ஓர் ஆண்டின் நட்டம் என்றைக்கும் நீடிக்கும் என்ற ஒரே அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. அதை எச்சரிக்கை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2023இல் மைக்ரான் கையிருப்புச் சரக்கின் மதிப்பை மட்டும் 183 கோடி டாலர் குறைத்து எழுதியது. ஆண்டுதோறும் அப்படி எழுதிக்கொண்டே ஒரு நிறுவனம் பிழைத்திருக்க முடியாது.

சுழற்சி முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் 2024 வரை அதன் செயற்பாட்டு இலாபம் கோடி டாலரில் 1,499, 738, 300, 628, 970, கழித்தல் 575, 130. சராசரி 527. வரிக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கினால் 474. அடுத்தது விகிதம்: 12.5 என்பது ரூபாய்க்குரியது, நம் நாட்டுப் பணவீக்கமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. டாலரில் வரும் இலாபத்தை அதனால் வகுத்தால், இங்குள்ள பணவீக்கத்துக்காக அங்குள்ள நிறுவனத்தைத் தண்டித்ததாகும். டாலர் விகிதம் பத்து என்று வைத்தால் செயற்பாடுகளின் மதிப்பு 4,740 கோடி. பணத்தை நீக்கிய மூலதனம் 4,690 கோடி. அதாவது, பொருளாதார இலாபம் ஏறக்குறைய பூஜ்யம். இதனோடு பணத்தைக் கூட்டிக் கடனைக் கழித்தால் பங்குதாரர்களுக்குரிய மதிப்பு கிடைக்கும்.

அவிநாசிச் சாலை

பணம் 1,050 கோடியைக் கூட்டி, கடன் 1,330 கோடியைக் கழித்துப் பார்த்தால் 4,460 கோடி வருகிறது. நிறுவனத்தின் புத்தக மதிப்பு 4,410 கோடி. இதைத்தான் நான் தொடக்கத்திலேயே சொன்னேன். இவ்வளவு சுற்றுவழி எதற்கு?

நொய்யல்கரை

ஐயா, இரண்டும் ஏன் ஒன்றாக வந்தன என்பதுதான் இங்கே முக்கியம். நினைவகச் சிப் யார் செய்தாலும் ஏறக்குறைய ஒரே சரக்கு, விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. நல்ல ஆண்டில் எல்லாரும் ஆலையை விரிக்கிறார்கள், அடுத்த ஆண்டிலேயே விலை சரிகிறது. அதனால் ஈட்டுவது மூலதனச் செலவை ஒட்டியே நின்றுவிடுகிறது, மதிப்பும் மூலதனத்தை ஒட்டியே நிற்கிறது. இதே அளவுகோலை, பிறருக்காகச் சிப் செய்து தரும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சிக்கு வைத்தால் அந்தப் பங்கை நீங்கள் ஒருபோதும் வாங்கியிருக்க முடியாது. 2024இல் பங்குதாரர் நிதியின் மீது அது ஈட்டியது 30 விழுக்காட்டை ஒட்டியது. புத்தக மதிப்பு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை இந்த முறைதான் காட்டித் தருகிறது.

கோபி ஆய்வகம்

ஆராய்ச்சிச் செலவை யாரும் பொருட்படுத்தவில்லை. 2023இல் மட்டும் 311 கோடி டாலர்.

நொய்யல்கரை

ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே தொகை செலவானால், சேர்ப்பதும் தேய்மானமாகக் கழிப்பதும் சமமாகிவிடும். இலாபம் பெரிதாக மாறாது, மூலதனம் மட்டும் பெருகும். எனவே அந்தத் திருத்தத்தைச் செய்தால் பொருளாதார இலாபம் கூடாது, குறையவே செய்யும்.

சூலூர்க் கணக்கர்

ஆராய்ச்சியைவிடத் தேய்மானத்தில்தான் எனக்குக் கவலை. 2023 தொடக்கத்தில் இன்டெல் தன் இயந்திரங்களின் ஆயுளை ஐந்து ஆண்டுகளிலிருந்து எட்டாக நீட்டியது. அந்த ஆண்டின் தேய்மானம் சுமார் 420 கோடி டாலர் குறையும் என்று அறிவித்தது. ஒரு சிப்கூடக் கூடுதலாக விற்காமலே இலாபம் ஏறியது. 2024இன் மூன்றாம் காலாண்டில், பெரும்பாலும் பழைய உற்பத்தி முறை சார்ந்த இயந்திரங்களுக்காக, 310 கோடி டாலரை ஒரே வீச்சில் எழுதித் தள்ள வேண்டியிருந்தது. நம் பகுதி நூற்பாலைகளின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும்: ஏட்டில் மதிப்பு தீர்ந்துபோன ரிங் பிரேம் (நூற்பு இயந்திரம்) மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருக்கும், மூலதனத்தின் மீதான ஈட்டம் அபாரமாகத் தெரியும். புது இயந்திரம் இறக்கிய ஆண்டில் அதே ஆலையின் விழுக்காடு பாதியாகிவிடும். எனவே இரண்டு சிப் நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு முன் தேய்மானக் காலத்தை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி வாசகி

மூலதனத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், யாருடைய மூலதனம் என்று கேட்கலாமா? குஜராத்தின் சாணந்தில் மைக்ரான் அமைக்கும் ஆலையின் மொத்தத் திட்டச் செலவு 275 கோடி டாலர். அதில் மத்திய அரசு பாதியையும் மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கையும் தருகின்றன, நிறுவனம் போடுவது அதிகபட்சம் 82.5 கோடி. நம் வரிப்பணத்துக்கும் கட்டணம் விதித்துப் பார்த்தால் அந்த ஆலையின் பொருளாதார இலாபம் எப்படி இருக்கும்?

அவிநாசிச் சாலை

பங்கு வாங்குபவருக்கு அது தேவையில்லாத கேள்வி. அவருடைய பணத்துக்கு என்ன வருகிறது என்பதே கணக்கு.

பொள்ளாச்சி வாசகி

இந்த உதவி நின்றால் அடுத்த ஆலையை நிறுவனம் முழு விலையில் கட்ட வேண்டும், அப்போது பங்குதாரர் ஈட்டும் விழுக்காடு இறங்கும். அதனால்தான் கேட்கிறேன். தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் சூலூரிலும் பல்லடத்திலும் குறைக்கடத்தி இயந்திர உற்பத்திப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. நாளை நம் ஊர்த் தொழிற்கூடங்களை மதிப்பிடும்போதும் இதே கேள்வி எழும்.

சூலூர்க் கணக்கர்

வாசகி சொல்வதில் நியாயம் இருக்கிறது. உதவித்தொகை போக நிகர மூலதனத்தை வைத்து இன்றைய ஆலையை மதிப்பிடலாம். எதிர்கால விரிவாக்கத்துக்கு மட்டும் முழு விலையை வைப்பதே முறை.

திருப்பூர் பேரேடு

நொய்யல்கரை சொன்னபடி ஏழாண்டுச் சராசரியையும் டாலர் விகிதத்தையும் வைத்துக் கணக்கிட்டேன், எனக்கும் 4,460 கோடிதான் வருகிறது. சந்தை விலை அதைவிட மிக உயரத்தில் இருப்பதால் பணம் அனுப்புவதை நிறுத்திவைத்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

நொய்யல்கரை

நிறுத்திவைத்தது நல்லது, ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2018இல் மூலதனம் இன்றைக்கு இருப்பதைவிடக் கணிசமாகக் குறைவு. எனவே தொகைகளுக்குப் பதிலாக ஒவ்வோர் ஆண்டின் ஈட்ட விழுக்காட்டையும் சராசரி எடுத்தால் மதிப்பு சற்று உயரும். 2025 நிதியாண்டில் செயற்கை நுண்ணறிவுக்கான நினைவகத்தின் தேவையால் விற்பனை 3,738 கோடிக்கும் நிகர இலாபம் 854 கோடிக்கும் ஏறியிருக்கிறது, அதையும் சேருங்கள். பிறகு சந்தை விலையிலிருந்து பின்னோக்கிப் போய், அந்த விலை நியாயமாக வேண்டுமானால் மூலதனத்தின் மீது எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டுகள் ஈட்ட வேண்டும் என்று பாருங்கள். கிடைக்கும் எண்ணை இங்கே எழுதினால் சேர்ந்து பார்க்கலாம்.

கோபி ஆய்வகம்

வளர்ச்சி விகிதம் எவ்வளவு வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், பேரேடு அவர்களே. வளரும் நிறுவனத்தில் ஆராய்ச்சிச் செலவும் ஆண்டுக்காண்டு கூடும், அப்போது நொய்யல்கரை சொன்ன சமநிலை நிற்காது.