காகிதப்பட்டை மரம்: உயிர்மரத்தில் பட்டை உரிக்கலாமா?

கொப்பு (திரி தொடக்கம்)

மெலலூக்கா எனப்படும் காகிதப்பட்டை மரங்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு வரி தவறாமல் வருகிறது: "பட்டை தானாகவே காகிதம்போல் உரிகிறது, நாம் எடுத்தால் மரத்துக்கு ஒன்றுமில்லை." இதை நான் மறுக்கிறேன். வட ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் சதுப்பிலும் ஆற்றங்கரையிலும் நிற்கும் லூக்காடெண்ட்ரா, விரிடிஃப்ளோரா, கஜபுட்டி ஆகிய இனங்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். அந்தத் தடித்த பட்டைதான் மரத்தின் போர்வை. காட்டுத்தீ ஓடும்போது மேலடுக்குகள் கருகினாலும் அடியிலுள்ள உயிர்த்திசு வேகாமல் தப்புகிறது. பிறகு தண்டு நெடுகிலும் புதுத்துளிர் கிளம்புகிறது. போர்வையை உரித்துவிட்டால் அடுத்த தீயை மரம் எதைக்கொண்டு தாங்கும்?

தக்கை

கொப்பு, வெளிப்பட்டையையும் உட்பட்டையையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். காகிதமாக உரிவது முழுக்கச் செத்த தக்கை. மெல்லிய ஏடுகளாக அடுக்கடுக்காய் அமைந்தது. இலையில் உண்டாகும் சர்க்கரை கீழிறங்குவது அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டியிருக்கும் ஈரமான உட்பட்டை வழியாக. அதை வெட்டினால்தான் மரம் சாகும்.

வட ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பட்டையால் குடிசைக்குக் கூரை போட்டார்கள், படுக்கை விரித்தார்கள், குழந்தையைச் சுற்றினார்கள், மீனையும் இறைச்சியையும் பொதிந்து மண்ணடுப்பில் வேகவைத்தார்கள். மரங்கள் இன்னும் நிற்கின்றன.

முறை இதுதான். கரியும் பாசியும் படிந்த மேலேடுகளைக் கையால் தள்ளிவிட வேண்டும். செங்குத்தாக இரண்டு கீறல், மேலும் கீழும் குறுக்கே ஒவ்வொரு கீறல்; கத்தி பட்டையின் பாதித் தடிமனைத் தாண்டக் கூடாது. ஓரத்தில் மழுங்கிய மரத்துண்டைச் செருகிப் பக்கவாட்டில் மெல்ல நெம்பினால் பாளமாக வரும். விரலில் ஈரம் தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பது தவறு. அந்தப் பக்கம் மறுபடி தடிக்கும் வரை அதே மரத்தைத் தொடுவதும் தவறு. பெரும்பாலும் கெடுவது கீழிருந்து மேலாகப் பிடித்து இழுப்பதால்தான். ஏடு கிழிந்துகொண்டே போய் ஓரிடத்தில் உட்பட்டையையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கொப்பு

செத்த திசு என்பதால் அதற்கு வேலையே இல்லை என்றாகிவிடாது. தீயைச் சொன்னேன், நீரையும் பாருங்கள். மாதக்கணக்கில் வெள்ளம் நிற்கும்போது கஜபுட்டி போன்ற இனங்கள் தண்டின் நீருக்குள் இருக்கும் பகுதியில் பக்கவேர் விடுகின்றன. மண்ணுக்குள் இருக்கும் வேர் மூச்சுமுட்டும் காலத்தில் மரத்துக்குத் துணை நிற்பவை அவை. கைக்கு எட்டுகிற உயரத்தில்தானே எல்லாரும் பட்டை எடுக்கிறார்கள்? அதுவும் அதே பகுதிதான்.

இன்னொன்று. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் குயின்குனெர்வியா இனம் களையாகப் பரவியபோது, நிற்கும் மரத்தைக் கொல்ல என்ன செய்கிறார்கள்? தண்டைச் சுற்றிப் பட்டையை வெட்டியெடுத்துக் களைக்கொல்லி தடவுகிறார்கள். கொல்லும் வழியும் பட்டை எடுக்கும் வழியும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

தக்கை

அந்த எடுத்துக்காட்டு என் பக்கமே சாய்கிறது. காகித ஏடுகளை விலக்கி, கட்டை தெரியும் வரை, முழு வட்டமாக வெட்டினால்தான் அங்கே மருந்து ஏறுகிறது. மேலேட்டோடு நின்றுவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும்.

தீ விஷயத்திலும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தொங்கும் உலர்ந்த ஏடுகள் தீயைத் தண்டு வழியே உச்சிக்கு ஏற்றிவிடுகின்றன. போர்வைதான், ஆனால் பற்றிக்கொள்ளும் போர்வை.

வாலை

இருவரும் பட்டையிலேயே நிற்கிறீர்கள். ஆண்டுதோறும் அறுத்தும் மரத்தைக் காக்கும் பயன் இலையில்தான் இருக்கிறது. இந்தோனேசியாவில் புரு தீவிலும் ஜாவாத் தோட்டங்களிலும் வடிக்கும் 'காயு பூத்தே' (வெள்ளை மரம் என்று பொருள்) எண்ணெயைச் சொல்கிறேன்; கஜபுட்டி என்ற பெயரே அதன் திரிபு. தோட்டமுறையில் தண்டை ஏறத்தாழ 110 செ.மீ. உயரத்தில் வெட்டி, மறுதாம்பாக வரும் கொப்புகளை அறுப்பார்கள். 100 கிலோ இலைக்கு 700 கிராம் முதல் ஒரு கிலோ வரை எண்ணெய் கிடைத்தால் நல்ல வடிப்பு.

குறைந்தால் காரணம் பெரும்பாலும் மூன்று. தடித்த குச்சியைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அது வாலையில் (வடிகலத்தில்) இடத்தை அடைக்குமே தவிர எண்ணெய் தராது. இலையை ஏறி மிதித்துத் திணித்திருப்பார்கள். நீராவி ஒரே பொந்து வழியாக ஏறிப்போய்விடும், பாதி இலை பச்சையாகவே கிடக்கும். அல்லது குளிர்விக்கும் நீர் சூடேறியிருக்கும்; எண்ணெய் ஆவியாகவே போய்விடும். வடிநீரின் மேல் மிதப்பதைப் பிரித்தெடுப்பது எளிது, நீரைவிட அது இலேசு. பச்சை நிறம் தூய்மைக்கு அடையாளம் என்று நம்புகிறார்கள்; செம்பு வாலையிலிருந்து கரைந்த செம்பாலும் அந்த நிறம் வரும்.

இதில் இனப்பெயர்தான் பெரிய கண்ணி. பழைய நூல்கள் பல இனங்களை 'லூக்காடெண்ட்ரான்' என்ற ஒரே பெயரில் அடக்கின. 1968-இல் தாவரவியலாளர் பிளேக் திருத்தி வகுத்த பிறகே அவை தெளிவாகப் பிரிந்தன. உண்மையான லூக்காடெண்ட்ராவின் எண்ணெயில் மிகுந்திருப்பது மெத்தில் யூஜெனால் அல்லது மெத்தில் ஐசோயூஜெனால்; காயு பூத்தே எண்ணெயின் முக்கியப் பொருளான சினியோல் அல்ல. மெத்தில் யூஜெனால் புற்றுநோய் ஐயத்துக்குரியது. ஆகவே பெயரை நம்பி நட்டு, வடித்து, மார்பில் தேய்க்கக் கூடாது. கஜபுட்டியிலும் கிழக்கு இந்தோனேசியாவைச் சேர்ந்த துணையினத்தில்தான் சினியோல் மிகுதி; வியட்நாம், மலேசியப் பகுதிகளின் குமிங்கியானா துணையினத்தில் குறைவு. எந்த எண்ணெயானாலும் கைக்குழந்தையின் மூக்கருகே வேண்டாம், மூச்சுக்குழல் இறுகிவிடக்கூடும்.

தக்கை

வாலை சொன்னது எல்லாம் சரி, ஆனால் இலை பட்டைக்கு மாற்றாகாது. மீனை எண்ணெயில் பொதிய முடியாதே! பொதிவதற்கு உள்ளடுக்கின் வெளிறிய ஏடுகள்தான் வேண்டும்: அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி, பட்டைக் கீற்றாலேயே கட்ட வேண்டும். ஊறாத ஏடு தணலில் பற்றிக்கொள்ளும், மீன் கரிந்து புகைநெடி கசப்பாக ஏறிவிடும். படகுப் பலகை இடுக்குகளில் திணிக்கவும் இந்தப் பட்டை உதவியிருக்கிறது. நனைந்தால் உப்பி இடுக்கை அடைக்கும்.

கொப்பு

இவ்வளவுக்கும் வெட்டி விழுத்திய மரத்தின் பட்டை போதும். வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் அமிலச் சதுப்பு மண்ணில் கஜபுட்டியை வளர்த்து, கட்டட அடித்தளக் கம்பங்களாக வெட்டுகிறார்களே, அங்கே பட்டைக்கா பஞ்சம்?

தக்கை

அந்தக் கம்பங்கள் பட்டையோடுதான் மண்ணில் இறங்குகின்றன: 4 முதல் 5 மீட்டர் நீளம், சதுர மீட்டருக்கு 25 வரை. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே முழுதும் மூழ்கியிருக்கும் வரை கெடாது, நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கும். உரித்தெடுக்க அங்கே பட்டை மிஞ்சுவதில்லை. ஆனால் களையாக வெட்டப்படும் மரம் என்றால் உங்களோடு உடன்படுகிறேன், எடுக்கத்தான் வேண்டும்.

வாலை

ஓர் எச்சரிக்கையோடு எடுங்கள். வெட்டிய கொப்பு காய்ந்ததும் காய்கள் வெடித்து, தூசுபோன்ற விதை கொட்டும். ஒரு மரம் இலட்சக்கணக்கான விதைகளைக் காய்க்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் தேக்கிவைத்திருக்கும். பட்டையை விழுந்த இடத்திலேயே உரித்து, உதறி, காய்க்கொத்து இல்லாமல் கொண்டுபோக வேண்டும். ஃப்ளோரிடாவில் 1997-இல் கூன்வண்டை விட்டது, துளிரைத் தின்று பூவையும் விதையையும் குறைக்கத்தான்.

கொப்பு

சரி, உயிர்மரத்தில் எடுத்தே தீருவோம் என்பவர்களுக்கு என் வரம்பு: தீக்காலத்துக்கு முன்னால் கூடாது. முந்தைய ஆண்டு வெள்ளம் விட்ட கறைக்கோட்டுக்குக் கீழே எப்போதும் கூடாது.

தக்கை

வெள்ளக்கோட்டை ஏற்கிறேன், நான் சொன்ன முறையில் அது விடுபட்டிருந்தது. தீக்காலத்தை இப்படித் திருத்துகிறேன்: மழை தொடங்கிய பின் எடுங்கள், ஏடும் ஈரத்தில் இளகிக் கிழியாமல் வரும். மூன்றில் ஒரு பங்கு என்பதில் மட்டும் மாற்றமில்லை.

கொப்பு

நான்கில் ஒன்று. ஒல்லித் தண்டென்றால் அதுவும் வேண்டாம்.