மறு: தசைக் கன்றலா, தசை ஊமைக்காயமா?

> தோலில் நிறம் மாறுவதால் 'தசைக் கன்றல்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'மஸில் கன்டியூஷன்', அதாவது அடிபட்டுத் தோல் கிழியாமல் தசை நசுங்கும் காயத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். கன்றல் நல்ல சொல்தான். ஆனால் விளையாட்டு மருத்துவத்துக்கு அது ஒத்துவராது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பையன்கள் பந்து ஆடும்போது எதிராளியின் முழங்கால் தொடையில் இடித்துவிடும். மறுநாள் கேட்டால், "லெபாம் இல்லையே அண்ணே, ஆடலாம்" என்பார்கள். லெபாம் என்றால் மலாயில் கன்றிப்போன நிறம். நிறம் தெரியாவிட்டால் அடியே படவில்லை என்று கணக்கு!

உள்ளே நடப்பது வேறு. இடித்த முழங்காலுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் சிக்கித் தசை நசுங்குகிறது. கசிந்த இரத்தம் தசைகளுக்கு இடையே இறங்கினால், ஓரிரு நாளில் முழங்கால் பக்கம் நீலம் பாரிக்கும். இது பெரும்பாலும் சீக்கிரம் ஆறிவிடும். தசையின் உறைக்குள்ளேயே இரத்தம் தங்கிவிட்டால் வெளியே அதிகம் தெரியாது. ஆனால் உள்ளே அழுத்தம் ஏறும், வலி குறையாது, காலை மடக்க முடியாது. ஆற நாளாவது இதுதான். இதைப் போய்க் கன்றல் என்றால் எப்படி?

ஆகவே 'தசை ஊமைக்காயம்' என்கிறேன். தோல் கிழியாத உள்காயத்துக்கு நம் பாட்டிமார் சொன்ன சொல்தான், புதிதாக ஆக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன இரண்டையும் 'தசையிடைக் குருதிக்கட்டு', 'தசையுள் குருதிக்கட்டு' என்று பிரித்துவிடலாம். தொடை முன்தசையில் பட்ட அடியின் கடுமையையே முழங்கால் மடங்கும் அளவை வைத்துத்தான் சொல்கிறார்கள்: 90 பாகைக்கு மேல் மடங்கினால் இலேசு, 45-க்குக் கீழ் என்றால் கடுமை. நிறத்துக்கு அதில் இடமே இல்லை.

அப்புறம், 'மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்'. 'எலும்பாக்கத் தசையழற்சி' என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் அடிபட்ட தசைக்குள் சில வாரங்களில் எலும்பு உருவாகும் நிலை இது. மூலப் பெயரிலேயே அழற்சி பொருந்தவில்லை, நாமும் ஏன் சுமக்க வேண்டும்? 'தசையுள் எலும்பாக்கம்' போதும். இங்கே அடிபட்ட அன்றே எண்ணெய் தேய்த்து 'உருட்' (மலாய் முறையில் அழுத்தித் தேய்த்துவிடுவது) பிடிக்கிறார்கள். முதல் சில நாளில் அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும், இந்த எலும்பாக்கத்துக்கும் வழியாகும். (பாட்டிமாரிடம் சொல்லை மட்டும் வாங்கிக்கொள்கிறேன், எண்ணெயை அல்ல.)

'தசைநார்க் காயம்' என்ற பரிந்துரை வேண்டவே வேண்டாம். தசைநார் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் பகுதிக்கு ஏற்கெனவே வழங்குகிறது.