தற்காப்புக்கு வெறுங்கைப் பயிற்சியா, பெப்பர் ஸ்பிரேயா?

நிலவழகி கேட்டது:
இரவுப் பணி முடிந்து தனியாக நடந்து வர வேண்டியிருப்பதால் தற்காப்பைப் பற்றித் தீவிரமாக யோசித்து வருகிறேன். என்னைவிட வலுவான ஒருவர் தாக்க வந்தால், சில மாதங்கள் மட்டும் கற்ற ஜூடோவோ, இஸ்ரேலியத் தற்காப்பு முறையான கிராவ் மகாவோ உண்மையில் கைகொடுக்குமா, அல்லது பெப்பர் ஸ்பிரே, மின்னதிர்ச்சி தரும் ஸ்டன் கன் போன்ற உயிர் பறிக்காத கருவி ஒன்றை வைத்துக்கொள்வதே மேலா? எதை முதலில் தொடங்கலாம்?

மதியழகன்:
உங்கள் நிலையில் பெப்பர் ஸ்பிரேயையே முதலில் வாங்கச் சொல்வேன். மிளகாய்க்குக் காரத்தைத் தரும் கேப்சைசின் கண்ணில் பட்டதும் இமைகள் தாமாக மூடிக்கொள்கின்றன. இருமலும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொள்வதால் எதிராளியின் உடல் வலு பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. புகைபோலப் பரவும் வகை, எதிர்க்காற்றில் நம் முகத்துக்கே திரும்பக்கூடும். தாரையாகவோ ஜெல்லாகவோ பீய்ச்சும் வகையில் அந்த ஆபத்து குறைவு என்றாலும், முகத்தைச் சரியாகக் குறிபார்க்க வேண்டும். ஸ்டன் கன்னை நான் பரிந்துரைக்கமாட்டேன். டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவி தொலைவிலிருந்து இரு முனைகளை எய்து தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. ஸ்டன் கன்னோ உடலில் அழுத்திப் பிடித்தால்தான் வலி தரும் என்பதால், எதிராளியின் கைக்கெட்டும் தொலைவில் நாம் நின்றாக வேண்டும்.

செந்தூரன்:
பல ஆண்டுகளாக ஜூடோ கற்பித்து வருபவன் என்ற முறையில், மதியழகன் சொன்னதை ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன்: கருவி ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். அமெரிக்கக் காவல் அலுவலர் டென்னிஸ் ட்யூலர் 1983-இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் ஓடிக் கடந்துவிடுவார் என்று விளக்கினார். பைக்குள் கிடக்கும் ஸ்பிரேயைத் தேடி எடுத்து, பூட்டை விலக்கி, குறிபார்ப்பதற்கு அந்த நேரம் போதாது. மணிக்கட்டு பிடிபட்ட பிறகு உதவுவது உடல் பழகிய அசைவுதான். பிடித்த கையின் கட்டைவிரல் பக்கமே பிடி தளர்வானது என்பதால், அந்தத் திசையில் கையைத் திருப்பி இழுத்து விடுவிக்கப் பழகுங்கள். மூடிய கையின் முஷ்டியால் தலையில் குத்தினால் நம் கை எலும்பே முறியக்கூடும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாக்குவது பாதுகாப்பானது. அடிபடாமல் விழக் கற்றுக்கொள்வதை அற்பமாக எண்ணாதீர்கள்; தள்ளிவிடப்பட்டவர் தலையைக் காத்துக்கொண்டு எழுந்தால்தான் ஓட முடியும். சில மாதப் பயிற்சியால் வலுவானவரை வீழ்த்திவிட முடியாது, ஆனால் பிடியிலிருந்து விடுபடுவதற்கு அது போதும் என்பதை என் மாணவர்களிடமே கண்டிருக்கிறேன். ஆகவே ஸ்பிரேயை வாங்குங்கள், நடக்கும்போது கையிலேயே வைத்திருங்கள். கூடவே வாரம் ஒரு வகுப்புக்காவது செல்லுங்கள்.

கயல்விழி:
வாங்குவதற்கு முன் நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி பெப்பர் ஸ்பிரே தடைசெய்யப்பட்ட ஆயுதம். அனுமதி உள்ள இடத்திலும், தாக்கியவர் செயலிழந்த பின் மீண்டும் அடிப்பது தற்காப்பாகக் கருதப்படாமல் போகலாம். நாளடைவில் குப்பிக்குள் அழுத்தம் குறைந்துவிடும் என்பதால் காலாவதித் தேதியைக் கவனித்து மாற்றுங்கள். காரமில்லாத பயிற்சிக் குப்பிகளும் விற்கப்படுகின்றன. ஒன்றை வாங்கி, நடந்துகொண்டே எடுத்துப் பீய்ச்சிப் பழகுங்கள்.